ஆகாய விமானத்தில் கட்டுச்சோறு
சென்னையிலிருந்து அயல்நாட்டுக்கு விமானத்தில் பிரயாணம் செய்வோர், கைப்பையில் ஒரு குப்பிக்கு 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் அனுமதிக்கப்படுவதில்லை என்பதோடு, நெய்யும் தயிரும் சோதனையிடுவோர் கண்ணுக்குத் திரவ பதார்த்தங்களே என்பதையும் நினைவில் கொள்ளுதல் அவசியம். ஆதலால், தயிர்சாதப் பிரியர்களுக்கு வருத்தமாயினும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையோ, நன்றாக ஆறவைத்து வாழையிலையில் பொதிந்த புளியோதரையையோ கொண்டுசெல்வதே உத்தமம். கொப்பரைத் தேங்காயோ, தன் எண்ணெய்ப் பசையால் தானாகவே தீப்பற்றக்கூடிய வஸ்துவென்று கருதப்படுவதால், பெட்டியிலும் வைக்கலாகாது. தண்ணீர்க் குப்பியைக் காலியாகக் கொண்டுபோய், சோதனை முடிந்தபின் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் இறங்குவோர், பையில் மிஞ்சிய கறிவேப்பிலைக் கொத்தைக்கூட வருகைப் படிவத்தில் தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால் கடும் அபராதம்.