தூண்டில் முள்ளுக்கு முடிச்சே பலம்



நெமிலிச்சேரி, திருநின்றவூர் பக்கம் ஏரியில் தூண்டில் போடும் குடும்பங்கள் நம் குழுக்களிலும் உண்டு. மீன் மாட்டியும் நரம்பு அறுந்து போனால் அன்றைய குழம்பும் போச்சு, முள் வாங்கிய காசும் போச்சு. பெரும்பாலும் நரம்பு அறுவது முடிச்சு இருக்கும் இடத்தில்தான்.

ஏன் அறுகிறது?

பூ கட்டும் வாழைநார் சொரசொரப்பானது. ஒரு முடிச்சே பிடித்துக்கொள்ளும். நைலான் நரம்பு வழவழப்பானது, வழுக்கும். சாதாரண ஒற்றை முடிச்சு போட்டால் நரம்பு தன்னைத் தானே நெரிக்கும். அதனால் அதன் பலம் பாதி வரை குறையலாம். 5 கிலோ தாங்கும் நரம்பு இரண்டரை கிலோவிலேயே அறுந்துவிடும். முடிச்சு ஒரு பக்கமாக நகர்ந்தாலும் முள் சாய்ந்துவிடும்; மீன் வாயில் சரியாகக் குத்தாது.

காது உள்ள முள்ளில் கட்டும் முறை

1. நரம்பைக் காதில் நுழைத்து, நுனியை அரை சாண் நீளம் விடவும்.
2. நுனியை மெயின் நரம்பின் மேல் 5 அல்லது 6 சுற்று சுற்றவும்.
3. காதை ஒட்டியுள்ள சின்ன வளையத்தில் நுனியை நுழைக்கவும்.
4. அப்போது உண்டாகும் பெரிய வளையத்திலும் நுழைக்கவும்.
5. தண்ணீரில் நனைத்து, மெதுவாக இழுத்து இறுக்கவும். காய்ந்தபடி வேகமாக இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு கெட்டுவிடும்.

காது இல்லாத தட்டை முள்ளில் நரம்பை மடித்து, தண்டோடு சேர்த்துப் பிடித்து, நுனியால் 6, 7 சுற்று சுற்றி, மடிப்புக்குள் விட்டு இறுக்கணும். முள்ளின் கூர் இருக்கும் பக்கமாகவே நரம்பு வெளியே வரணும். அப்போதுதான் முள் நேராக இழுபடும்.

நாமே சோதிப்போம்

ஒரே நரம்பில் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்றில் ஒற்றை முடிச்சு, இன்னொன்றில் மேலே சொன்ன முடிச்சு போட்டு, வாளியின் கைப்பிடியில் கட்டுங்கள். மேல் நுனியை முடிச்சு போடாமல் கொம்பில் பத்து சுற்று சுற்றிப் பிடியுங்கள். வாளியில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. எது முதலில் அறுகிறது என்று நீங்களே பாருங்கள். வாளிக்குக் கீழே காலை வைக்காதீங்க.

மறக்காதீங்க

வெயிலில் கிடந்த பழைய நரம்பு எந்த முடிச்சுக்கும் தாங்காது. அறுந்த நரம்பைக் கரையில் போட்டால் கொக்கு, நீர்க்காகத்தின் காலில் சிக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்து, துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:
- நம் வீட்டில் எந்த முடிச்சு போடுகிறார்கள்?
- ஒரு மாதத்தில் எத்தனை முள் தொலைகிறது? அதற்கு எவ்வளவு செலவு?