படுக்கையருகே ஓர் ஒலிக்கருவி

மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் சேரும் நோயாளிக்கு, மருத்துவமனையில் படுத்த பின்னும் ஸ்கேன் அறைக்குத் தள்ளிச் செல்லப்படுவது பெரும்பாடு. மூச்சுத் திணறுவோரை அசைப்பதே ஆபத்து. எனவே இப்போது கருவியே சக்கரத்தில் உருண்டு படுக்கையருகே வருகிறது.

தோழியரே, நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இக்கருவியின் முனையிலுள்ள படிகமோ பல இலட்சம் முறை அதிர்கிறது. அவ்வொலி உடலுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, உறுப்புகளில் பட்டு எதிரொலிக்கிறது. அது திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணக்கிடப்பட்டுத் திரையில் படம் உருவாகிறது. காற்று குறுக்கிட்டால் ஒலி தடைப்படும். தோலில் ஜெல் தடவுவது அதற்காகவே. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு ஆராய்ந்து, கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்ட் 1958-இல் இம்முறையை வெளியிட்டார்.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் திரையில் கருமையாகத் தெரியும். ஊசி செலுத்தும் இடத்தை மருத்துவர் கண்ணால் பார்த்தே குறிக்கிறார். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இல்லாததால் மறுநாளும் பார்க்கலாம். ஆனால் பயிற்சி வேண்டும். பழகாத கண்ணுக்கு அது வெறும் சாம்பல் நிற மூட்டம்தான்!

பெண்களாகிய நாம் இன்னொன்றும் அறிய வேண்டும். கருவிலிருப்பது பெண்ணா என்று பார்க்கவும் இதே கருவி பயன்பட்டது. சிசுக்கொலையும் சேர, 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 6 வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். கருவின் பாலினம் அறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2012-ஆம் ஆண்டு விதித் திருத்தமோ, எடுத்துச் செல்லும் கருவியைப் பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்கோ, பிற மருத்துவ வசதிகளும் கொண்ட நடமாடும் மருத்துவ வண்டியிலோ மட்டுமே அனுமதித்தது.

பைக்குள் அடங்கும் கருவியை ஒரு மருத்துவர் தனியே மாரமங்கலத்து வீட்டு வாசலுக்கு எடுத்து வர முடியாதது இதனால்தான்.