கைமறந்த கணக்கைத் திரும்பப் பிடிக்க

பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தபின் எம்.பி.ஏ. அல்லது எம்.சி.ஏ. படிக்க எனக்கு ஆசை. ஆந்திராவில் அதற்கு ஐசெட் (ICET) நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் உட்கார்ந்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று போட்டு, பத்தாவது படிக்கும் மகளிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் உறைத்தது. பிறகு நான் கண்ட வழிகள் இவை.

1. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாதீர்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகங்களில் ஆரம்பியுங்கள்: பின்னம், விகிதம், சதவீதம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். வெட்கமாக இருந்தால் அட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

2. ஐசெட்டில் 200 கேள்வி, 150 நிமிடம். ஒன்றுக்கு 45 விநாடி. கணிதம் 55 கேள்வி, அதில் பெரும்பங்கு எண்கணிதம்தான். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

3. கால்குலேட்டர் கிடையாது. 20 வரை வாய்ப்பாடும் (எங்கள் சித்தூரில் பலர் தெலுங்கில் 'எக்காலு' என்பார்கள்) 25 வரை வர்க்கமும் பாராமல் வரவேண்டும். அரிசி களையும்போது சொல்லிப் பாருங்கள்.

4. சராசரி புரியாவிட்டால் மாம்பழ மண்டிக்கு வாருங்கள். தோத்தாபுரி 3 டன் கிலோ 8 ரூபாய்க்கும், 1 டன் 12 ரூபாய்க்கும் போனது என்று வைத்துக்கொள்வோம். எட்டும் பன்னிரண்டும் சேர்த்து இரண்டால் வகுத்து, கிலோ 10 ரூபாய் என்பீர்கள். கையில் வருவது 36,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 9. பத்தென்று நம்பியவர் 4,000 ரூபாய்க்கு மனக்கோட்டை கட்டியிருப்பார். நிறையிட்ட சராசரி என்று புத்தகம் மிரட்டுவது இவ்வளவுதான்.

5. 100 ரூபாய்ப் புடவையின் விலையை 20 சதவீதம் ஏற்றி, 20 சதவீதம் தள்ளுபடி தந்தால் விலை 100 அல்ல, 96. ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

6. கிழித்த தினசரி காலண்டர் தாளை எறியாதீர்கள். பின்பக்கம் ஒரு தாளுக்கு ஒரு கணக்கு. தப்பானதை மட்டும் கிளிப்பில் சேர்த்துவைத்து ஞாயிறன்று மறுபடி போடுங்கள்.

7. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது முக்கியம். கணக்குக் கேள்விகள் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும்தான் வரும். ஒரு நோட்டில் ஜோடி எழுதுங்கள்: நிகழ்தகவு - சம்பாவ்யத, இடைநிலை - மத்யகதம், முகடு - பாஹுளகம். எனக்குக் கணக்கைவிட இந்தச் சொற்கள்தான் அதிகம் தண்ணி காட்டின.

8. டியூஷன் விசாரித்த ஓரிடத்தில் "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றார்கள். அங்கே பணம் கட்டாதீர்கள்.

9. சீட் கிடைத்தபின் இருப்பது பயணம்: சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமோ (1954), பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமோ (1983), பஸ்தான் கதி. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரப் பெண்களுக்கு எக்ஸ்பிரஸ் வரை டிக்கெட் இலவசம், ஆதாரை மறக்காதீர்கள். ஓடும் பஸ்ஸில் நோட்டைத் திறந்தால் தலைசுற்றும். சுயம் (SWAYAM) என்ற இணையப் பாடத் தளத்தின் பாடத்தை முதல்நாளே போனில் இறக்கிக் காதில் மாட்டிக்கொண்டால், வழியிலுள்ள சந்திரகிரி வருவதற்குள் ஒரு பாடம் முடிந்திருக்கும்.