அடையும் நேரத்தில் கூட்டருகே நில்

அன்புள்ள தம்பிக்கு,

திருவிழாக் கடையில் வாங்கிய வண்ணக் குஞ்சுகள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்றும், அதற்குப் பிறகும் கோழி வளர்க்கும் ஆசை விடவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தச் சாவுக்கு உன்னை நொந்துகொள்ளாதே. அப்படி விற்பவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது என்பதால் குஞ்சு பொரிப்பகங்கள் ஒதுக்கிவிடும். சாயம் பூசித் தெருவுக்கு வந்துவிடும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தாயின் இறக்கைக்குள் அது கிடைக்கும், குண்டு பல்புக்கு அடியில் கிடைக்கும். வெறும் அட்டைப்பெட்டியில் கிடைக்காது.

ஆகவே இந்த முறை குஞ்சில் தொடங்காதே. ஒரே அடையில் பொரித்து வளர்ந்த சிறுவிடைப் பெட்டைகள் மூன்று போதும். ஒன்றை மட்டும் வளர்க்காதே; கோழி கூட்டமாக வாழும் பறவை, தனியாக விட்டால் ஒடுங்கிப்போகும்.

புது இடத்தில் அவை ஒன்றையொன்று கொத்தும். பயப்படாதே. நார்வே நாட்டின் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே, எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று சிறுவனாக இருக்கும்போதே பார்த்துக் குறித்துவைத்தவர். கோழிகளுக்குள் மேல் கீழ் வரிசை உண்டு என்று காட்டும் அவருடைய ஆய்வு 1922இல் வெளிவந்தது. வரிசை நிலைத்துவிட்டால் சண்டை அடங்கும். பிறகு புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நேரே உள்ளே விட்டால் எல்லாம் கலைந்து, ரத்தம் வரும்வரை கொத்தும். சில நாள் அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவற்றின் கண்ணில் படும்படி வை.

அந்தச் சிறுவனைப் போலப் பார்க்கப் பழகிவிட்டால் கோழி வளர்ப்பின் மகிழ்ச்சி தானாக வரும். வானில் பருந்து தெரிந்தால் சேவல் எழுப்பும் குரல் வேறு, தரையில் பகை வந்தால் எழுப்பும் குரல் வேறு. முதல் குரல் கேட்டால் பெட்டைகள் ஓடிப் பதுங்கும். இரண்டாவது கேட்டால் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். கிறிஸ்டோபர் எவான்ஸ், பீட்டர் மார்லர் முதலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே நிறுவியிருக்கிறார்கள். அடைக்கு உட்கார்ந்த கோழியையும் கவனி. 21ஆம் நாள் நெருங்கும்போது ஓட்டுக்குள் இருந்தபடியே குஞ்சு கத்தும், தாய் அடிக்குரலில் பதில் சொல்லும். அந்த நேரத்தில் முட்டையைத் தொடாதே, தள்ளி நின்று கேள்.

இனி கவலைகள். நேற்று நன்றாகத்தான் மேய்ந்தது, விடிந்து பார்த்தால் செத்துக் கிடந்தது என்று வளர்ப்பவர்கள் பலரும் சொல்வார்கள். முடிந்தமட்டும் கோழி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. அதனால்தான் சொல்கிறேன்: தினமும் அடையும் நேரத்தில் கூட்டருகே நில். ஒவ்வொன்றின் இரைப்பையையும் தொட்டுப் பார். பகலெல்லாம் மேய்ந்த கோழிக்கு அது நிறைந்து புடைத்திருக்கும். கொண்டை கறுத்திருக்கிறதா, பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, எது சோர்ந்து கடைசியில் வருகிறது என்று பார். கூட்டின் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு வா. சின்ன இடுக்கு இருந்தாலும் கீரி நுழைந்துவிடும்.

வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விட வேண்டும், 8 வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி போட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேள். கழிச்சல் நோய்க்கென்று கால்நடைத்துறை இலவச முகாம்களும் நடத்துகிறது. பறவைக்காய்ச்சல் அதைவிடக் கொடியது. 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் நாட்டிலேயே முதன்முறையாக அது கண்டறியப்பட்டபோது, பண்ணைக் கோழிகளோடு வீட்டுக் கோழிகளையும் கொல்ல வேண்டியிருந்தது. பல கோழிகள் திடீரென்று செத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல். கோழியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவு; குஞ்சை முகத்தோடு அணைத்து முத்தமிடாதே, சால்மோனெல்லா தொற்றும்.

பலரும் முன்கூட்டி யோசிக்காத சங்கடம் ஒன்று இருக்கிறது. அடை வைத்தால் பொரிப்பவற்றில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். வளர்ந்த சேவல்கள் ஒரே கூட்டில் ஒத்துப்போகாது, விடியுமுன் கூவுவதைப் பக்கத்து வீட்டுக்காரரும் பொறுக்கமாட்டார். பெட்டையும் இரண்டு ஆண்டுக்குமேல் முட்டையைக் குறைத்துக்கொண்டே வரும், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதன்பிறகும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பெயர் வைத்துக் கூப்பிட்ட கோழியைக் குழம்பாக்க உன் மனம் ஒப்பாது. முட்டை இடாத கோழிக்கும் தீனி போட அம்மாவும் அப்பாவும் சம்மதிப்பார்களா? இதை இப்போதே பேசிவிடு.

பேசி முடித்த பிறகும் சந்தையில் போய் வாங்காதே. பல ஊர்க் கோழிகளை ஒன்றாக அடைத்து வைக்கும் இடம் என்பதால் நோய் அங்கே எளிதில் பரவும். தெரிந்தவர் வீட்டில், கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு வாங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்