வெனிஸில் கட்டடக்கலை படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

1. விமானச் சீட்டு எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. நாளை ஊர் திரும்பி ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்ட வேண்டுமானால், 1972-ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். நீங்கள் சேரும் படிப்பு அங்கே செல்லுமா என்று எழுதிக் கேளுங்கள். பதில் கைக்கு வந்த பிறகு பெட்டி கட்டலாம்.

2. இத்தாலியில் இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டு தபால் நிலையத்தில் கிடைக்கும். தீவுக்குள் வாடகை கட்டுப்படியாகாது என்றால் மெஸ்த்ரேயில் அறை பாருங்கள். பாலம் தாண்டி ரயிலில் பத்து நிமிடம்தான்.

3. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற ஊர் வெனிஸ். நீங்கள் முதலில் குனிந்து பாருங்கள். கால்வாய் ஓரத்து வீடு ஒன்றின் அடிச்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் தொடும் இடத்தில் வெள்ளை இஸ்திரியக் கல், அதற்கு மேல் செங்கல். அந்தக் கல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, செங்கல் உறிஞ்சும். அதனால் கடல்நீர் ஏறும் உயரம் வரை கல்லை வைத்தார்கள். நூற்றாண்டுகளில் கடல் மட்டம் ஏறி, தரை தாழ்ந்து, நீர் இன்று கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. ஓதம் ஏறுகிறது, உப்பு பூக்கிறது, விரல் பட்டால் செந்தூள் உதிர்கிறது. சுவர் எந்த உயரத்தில் அரிக்கப்பட்டிருக்கிறது என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கும் கீழே, சேற்றில் நெருக்கமாக அறையப்பட்ட மரக்கழிகள். காற்றுப் படாத சேறு என்பதால் மெதுவாகத்தான் சிதைகின்றன. கட்டடக் கலைஞர் லொங்கேனா 1631-இல் தொடங்கிய சாலூத்தே தேவாலயத்துக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கழிகள் இறக்கினார்கள் என்பது அவ்வூர்க் கணக்கு. இறுக்கிக் கட்டினால் கட்டடம் விரிசல் விடும் மண் அது. இளகிக் கொடுக்கும் சுண்ணாம்புச் சாந்து, மரத் தளம், சுவரைத் தளத்தோடு பிடித்து வைக்கும் இரும்புப் பட்டைகள் எல்லாம் அதற்காகத்தான். இது புரியாமல் முகப்பின் வளைவுகளை வரைந்து பயனில்லை.

4. சதுக்கத்தின் நடுவில் கல் கிணறு நிற்கும். அது ஊற்றுக் கிணறு அல்ல. சதுக்கத்தைத் தோண்டி, களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவில் செங்கல் குழாய் எழுப்பினார்கள். சுற்றியுள்ள துளைக்கற்கள் வழியே மழைநீர் இறங்கி, மணலில் வடிந்து, கிணற்றுக்கு வரும். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் குடித்தது பெரும்பாலும் இதைத்தான். தரை எந்தத் துளையை நோக்கிச் சரிகிறது என்று பார்த்து, ஒரு வெட்டுத் தோற்றம் போடுங்கள். முதல் பருவத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

5. கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பாவின் வேலைகளைத் தேடிப் போய்ப் பாருங்கள். 1926-இல் தொடங்கிய வெனிஸ் கட்டடக்கலைக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர் அவர். 1961 முதல் 1963 வரை குவெரினி ஸ்டாம்பாலியா மாளிகையின் தரைத்தளத்தைச் சீரமைத்தபோது, வெள்ளத்தை வெளியே நிறுத்தப் போராடாமல், அது உள்ளே வந்து போக வழி செய்தார். படகுத்துறை வாயிலில் படிகள் நீருக்குள் இறங்குகின்றன. ஏறி வரும் நீர் சுவரோரக் கால்வாயில் ஓட, ஓரம் உயர்த்திய கான்கிரீட் நடைபாதையில் மனிதர் நனையாமல் நடக்கலாம். தரை சுவரைத் தொடாமல் நிற்கும் அந்த இடைவெளியை மூன்று முறையாவது வரையுங்கள். 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில் மோசே தடுப்புக் கதவுகள் பெரிய நீரேற்றங்களை மறிக்கின்றன; சிறிய ஏற்றங்களில் நீர் இன்னும் கால்வாய்ப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

6. தேர்வு பலவும் வாய்மொழியாகவே நடக்கும். முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. பேராசிரியர் முன் கைகட்டி நிற்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏன் இந்தச் சுவர், ஏன் இந்த உயரம் என்று கேட்பார். வாதாடலாம், அதை அவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கில வழி வகுப்பில் சேர்ந்தாலும் இத்தாலியன் கற்றுக்கொள்ளுங்கள். பழைய சுவரைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அங்கே பெரும்பாலும் கொத்தனார்தான். அவரிடம் கேட்கவும் அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் அந்த மொழி வேண்டும்.