போஸ்டர் அடிக்கக் கொடுக்குமுன் அக்கா சொல்வதைக் கேள்

பேராதனையில் முதுதத்துவமாணி செய்கிறாய். அல்லது ஹந்தானை மலையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறாய். ஒரு மூலிகையை உலர்த்தி, அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்துவிட்டாய். அதில் ஒன்று ஏதோ ஒரு நொதியை அடக்குகிறது. இனி ரெஸ்கொன், ஐபர்ஸ் போன்ற ஓர் ஆய்வு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். கடைசித் திகதி நெருங்கிவிட்டது, சேர் இன்னும் வாசித்துத் தரவில்லை, உனக்கோ நித்திரை இல்லை. தெரியும். தங்கச்சியோ தம்பியோ, ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார். எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இரவில் செய்ய முடியாது. முதல் இரண்டையாவது இன்றே செய்.

1. செடியின் பெயரை உறுதி செய்யாமல் ஒரு வரியும் எழுதாதே.

பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. தேசிய ஹேர்பேரியம் அதற்குள்தான் இருக்கிறது. உன் கம்பஸிலிருந்து நடந்தே போகலாம். வெளியூர்ப் பிள்ளைகள் ஒரு மாதிரியை அடையாளம் காண பஸ் ஏறி வருகிறார்கள், நீ பக்கத்தில் இருந்துகொண்டு போகாமல் இருக்கிறாய். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதே. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்திக் கொண்டுபோ, அடையாளம் காட்டி, மாதிரி இலக்கம் வாங்கி, அதைச் சுருக்கத்தில் போடு. ஊர்ப்பெயர் மட்டும் போதாது. மரமஞ்சள் என்றால் இங்கே நாம் வெனிவெல்கெட்டவை நினைப்போம், இந்தியாவில் பெர்பெரிஸ் இனத்துக்கும் அதே பெயர். இரண்டிலும் பெர்பெரின் இருப்பதால் உன் முடிவு ‘சரியாக’ வந்ததுபோலவே தெரியும். செடி தவறென்றால் அதன்மேல் கட்டிய இரண்டு வருட வேலையும் தவறு.

2. யாருக்கும் காட்டுமுன் காப்புரிமைக் கேள்வியைக் கேட்டுவிடு.

போஸ்டர் ஒட்டினாலும், முன்பதிப்பாக இணையத்தில் ஏற்றினாலும், ஆய்வேட்டை நூலகத்தில் வைத்தாலும் அது பகிரங்கப்படுத்தியதுதான். ஐரோப்பாவில் விண்ணப்பத்துக்கு முன் நீயே உன் கண்டுபிடிப்பைப் பகிரங்கப்படுத்தியிருந்தால்கூடப் புதுமை போய்விட்டது என்பார்கள். ஆகவே சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே சேரிடம் அல்லது மேடத்திடம் நேராகக் கேள்: “இதில் காப்புரிமைக்குரிய ஏதாவது இருக்கிறதா?” இல்லை என்றால் மனநிம்மதியோடு அனுப்பு. இருக்கிறது என்றால் முதலில் விண்ணப்பம், பிறகு போஸ்டர். ஒரு நிமிடக் கேள்வி இது. பயந்துகொண்டு எல்லாவற்றையும் ஒளித்துவைக்கவும் வேண்டாம். முக்கால்வாசி வேலைகளில் ஒளிக்க எதுவும் இருக்காது.

3. தெரிந்ததையும் தெரியாததையும் தனித்தனியாக எழுது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உதாரணம் வெளியே தேட வேண்டாம், கோத்தல ஹிம்புட்டுவே இருக்கிறது. அந்த மரத்தில் குடைந்த கோப்பையில் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சீனி வருத்தத்துக்குக் குடிப்பது இந்த நாட்டுப் பழக்கம். அதில் என்ன இருக்கிறது என்று 1997இல் சொன்னவர்கள் ஜப்பானில், கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்து மசாயுகி யோஷிகாவா குழுவினர். சலாசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்தார்கள், அடுத்த வருடம் கொடலனோலையும் அறிவித்தார்கள். ஆனால் கொடலனோலின் முழு முப்பரிமாண அமைப்பும் அன்றைக்கே முடிவாகவில்லை. அது 2009இல்தான், கனடாவில் பின்டோவின் குழு அதைத் தொகுத்துக் காட்டிய பிறகு உறுதியானது. பதினொரு வருடம்! அதுவரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? உறுதியானதைச் சொன்னார்கள், மீதி திறந்தே இருந்தது, அதை இன்னொருவர் முடித்தார்.

நீயும் அப்படியே செய். ஒரு மையத்தின் திசை உறுதியில்லையென்றால் ஆப்புக் கோடு போடாதே, நேர்க்கோடு போட்டு “தீர்மானிக்கப்படவில்லை” என்று கீழே எழுது. அழகுக்காகக் கோடு போட்டால் அடுத்த வருடம் ஒரு தம்பி அதை நம்பித் தொகுக்கத் தொடங்குவான்.

4. எண்களில் ஏமாறாதே, ஏமாற்றாதே.

சாறென்றால் மில்லிலீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எழுது. தூய சேர்மம் என்றால் மைக்ரோமோலார். சாற்றுக்கு மூலக்கூற்று நிறை ஏது? ஒரே பிளேட்டில் மூன்று குழிகளில் போட்டது மூன்று பரிசோதனை ஆகாது, மூன்று வெவ்வேறு நாட்களில் செய். டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த கட்டுப்பாடு இல்லாமல் வரைபடம் வரையாதே.

இனி எல்லாரும் விழும் குழி. “எங்கள் சாறு அகார்போஸை விடப் பலமடங்கு வலிமையானது” என்று போஸ்டருக்குப் போஸ்டர் எழுதியிருக்கும். பயன்படுத்திய நொதி எது என்று பார், ஈஸ்டிலிருந்து எடுத்த ஆல்பா குளுக்கோசிடேஸ். அகார்போஸ் ஈஸ்ட் நொதியை மிகப் பலவீனமாகத்தான் அடக்கும். அது பாலூட்டிகளின் குடல் நொதிக்குரிய மருந்து. ஆகவே அந்த ஒப்பீட்டில் எது போட்டாலும் வெல்லும். எலிக் குடல் நொதியில் செய்ய வசதி இல்லையென்றால் பரவாயில்லை, ஈஸ்ட் நொதி என்று தெளிவாக எழுது, பெருமையடிக்கும் வரியை வெட்டு.

இன்னொன்று தனின். தேயிலைச் சாயம் கடுத்தால் நாக்கு வறள்வது எதனால்? உமிழ்நீர்ப் புரதங்களை அது பிடித்துக்கொள்வதால். உன் பிளேட்டில் இருக்கும் நொதியும் புரதம்தான். இலைச்சாறு, பட்டைச்சாறு எதுவானாலும் தனின் இருந்தால் கண்ட நொதியையெல்லாம் ‘அடக்கும்’. நொதிப் பரிசோதனைக்கு முன் பொலிஅமைட் போட்டுத் தனினை அகற்று, அல்லது அகற்றவில்லை என்று எழுது.

5. டிபிபிஎச் முடிவை வைத்துக்கொண்டு புற்றுநோய் வரை போகாதே.

ஊதா நிறம் மங்கினால் அந்தக் குழாய்க்குள் ஒரு வேதிவினை நடந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். எந்தப் பரிசோதனையிலும் பொய்யாகக் கை தூக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. பேல், ஹொலோவே என்ற இருவர் 2010இல் அவற்றைப் பட்டியல் போட்டே காட்டினார்கள். நம் அடுப்படி மஞ்சளின் குர்குமினைப் பற்றி 2017இல் மருந்து வேதியியலாளர்கள் ஒரு பெரிய மீளாய்வு எழுதினார்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருந்தும், அவர்கள் பார்த்தவரை, இருபுறமும் மறைத்துச் செய்த மனிதப் பரிசோதனை ஒன்றும் வெற்றி பெற்றிருக்கவில்லை. அது நிலையற்றது, உடலில் சரியாகச் சேராது, பரிசோதனைகளைக் குழப்பும் என்று காரணங்களையும் அடுக்கினார்கள். உன் சேர்மம் மஞ்சள் நிறமென்றால், அல்லது ஒளிர்ந்தால், அதன் நிறமே உன் அளவீட்டில் புகுந்திருக்கலாம். பெர்பெரின் வேலை செய்யும் பிள்ளைகள் குறிப்பாகப் பாருங்கள். நொதி போடாத குழியிலும் ஒருமுறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்திரிகையிலிருந்து கூப்பிட்டால் இன்னும் கவனம். 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட் பாணி வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். உன் வாயிலிருந்து வரும் ‘மருந்து’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, யாரோ ஓர் அம்மா கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடுவார். “ஆய்வுகூட நிலையில் உள்ளது, மனிதரில் பரிசோதிக்கவில்லை” என்ற வரியை முதலில் சொல், கடைசியில் அல்ல. கடைசி வரியைத்தான் அவர்கள் வெட்டுவார்கள். கோத்தல ஹிம்புட்டுத் தேநீரை நம் நாட்டு மருத்துவர்கள் 51 நீரிழிவு நோயாளரில், ஒப்பீட்டுத் தேநீரும் கொடுத்து, மாறிமாறிப் பரிசோதித்து 2005இல் வெளியிட்டார்கள். மனிதரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அப்படிச் செய்துவிட்டுப் பேச வேண்டும்.

6. செடி எடுத்த இடத்தைப் போஸ்டரில் துல்லியமாகப் போடாதே.

நக்கிள்ஸ் மலையில் எந்த ஓடைக்கு அருகே என்றெல்லாம் எழுதினால் அடுத்த மாதம் அந்த மரம் அங்கே இருக்காது. வல்லப்பட்டை மரங்களைக் காட்டுக்குள் புகுந்து வெட்டிக் கடத்தியது மறந்துபோனதா? துல்லியமான இடத்தை ஹேர்பேரியத்துக்குக் கொடு. போஸ்டரில் மாவட்டம் போதும்.

7. கைகொடுத்தவர்களின் பெயரை விடாதே.

என்.எம்.ஆர். எடுத்துத் தந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், செடியைக் காட்டிய வைத்தியர், தோட்டத்து லயத்தில் கஷாயம் வைக்கும் முறையைச் சொல்லித் தந்த பாட்டி. பெயர் போடலாமா என்று அவர்களிடமே கேள், சிலர் வேண்டாம் என்பார்கள். எழுத்தாளர் வரிசையைச் சுருக்கம் எழுதும்போதே பேசித் தீர். அச்சடித்த பிறகு பேசினால் உறவு கெடும்.

8. போஸ்டர் வேலை.

• அளவைக் கேட்டுவிட்டு வடிவமை. ஏ0வும் ஏ1ம் ஒன்றல்ல.
• அறிமுகத்தை மூன்று வரியாக வெட்டு. ஆட்கள் பார்ப்பது தலைப்பு, ஒரு கட்டமைப்பு, ஒரு வரைபடம்.
• சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் போடாதே, சிலருக்கு வித்தியாசம் தெரியாது.
• பெரஹெரா நாட்களில் கண்டி டவுனுக்குள் போய் பிரின்ட் எடுக்கலாம் என்று கனவு காணாதே. வீதி மூடியிருக்கும். ஒரு வாரம் முந்தியே எடு.
• குழாயில் போட்டு, வெளியே பொலித்தீன் சுற்று. கண்டி மழை சொல்லிக்கொண்டு வராது.

9. பேசும்போது ஆங்கிலத்துக்குப் பயப்படாதே.

முழுவதையும் மனனம் செய்தால் நடுவில் ஒரு சொல் விழுந்ததும் எல்லாம் விழும். முதல் மூன்று வசனத்தை மட்டும் பாடமாக்கு. மீதியைப் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல். தெரியாததைக் கேட்டால் “அதை இன்னும் செய்து பார்க்கவில்லை” என்று நிமிர்ந்து சொல். பேராதனையில் இருந்துகொண்டு பெரிதாக என்ன செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. பேராசிரியர் எம்.யு.எஸ். சுல்தான்பாவா இந்தக் காட்டு மரங்களின் சாந்தோன்களைப் படித்தவர். 1980இல் டெட்ராஹீட்ரன் இதழில் அந்தத் துறைக்கே மீளாய்வு எழுதினார். வீட்டில் அம்மாவுக்கும் தமிழில் ஒருமுறை விளக்கிப் பார். அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் நடுவர் கேட்கும் கேள்வியாகவே இருக்கும்.

10. மின்னஞ்சலில் வரும் புகழ்ச்சியை நம்பாதே.

சுருக்கம் வெளிவந்த கையோடு “மதிப்புக்குரிய பேராசிரியரே” என்று யார் யாரோ எழுதுவார்கள். பட்டமே முடிக்காத உன்னைப் பேராசிரியர் என்பவன் உன் கட்டுரையை வாசிக்கவில்லை, காசைத்தான் பார்க்கிறான். பதில் போடாமல் அழி. சந்தேகமென்றால் நூலகரைக் கேள்.

11. மூல தரவை உன் மடிக்கணினியில் மட்டும் வைக்காதே.

என்.எம்.ஆர். படத்தை மட்டுமல்ல, கருவி தந்த மூலக் கோப்பையே வை. கட்டுரை வெளிவரும்போது ஸெனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிரந்தர இலக்கம் கிடைக்கும். சேரிடம் சொல்லிவிட்டு ஏற்று. கோப்புக்கு “புதுசு2கடைசி” என்று பெயர் வைக்காதே, திகதியும் மாதிரி இலக்கமும் போடு. வேலை செய்யாத பகுதிகளின் முடிவையும் சேர்த்துவை. அதே செடியை இன்னொரு பிள்ளை தொடும்போது அதற்கு ஆறு மாதம் மிச்சம்.

12. போஸ்டர் கழற்றிய அன்றே குறிப்பெழுது.

யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எதற்கு உன்னிடம் பதில் இல்லை என்று இரவு படுக்குமுன் எழுதிவை. மாதிரி கேட்டவருக்கு அந்த வாரத்துக்குள் பதில் போடு, தர முடியாது என்றாலும் போடு. எழுதியதை அடுத்த லேப் மீட்டிங்குக்குக் கொண்டுபோ. பதில் இல்லாத கேள்விகளில் எதை முதலில் செய்வது என்று சேருடன் இருந்து முடிவெடு.