பெற்றோர் கவனத்திற்கு: படத்தின் முன்னால் வரும் எழுத்து



சினிமாப் படம் தொடங்குமுன் தணிக்கைச் சான்றிதழ் திரையில் சில விநாடி தோன்றி மறைகிறது. நம்மில் அநேகர் அந்நேரம் இருட்டில் நாற்காலியைத் தேடிக் கொண்டிருப்போம். அந்தத் தாளிலுள்ள எழுத்தையே இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

'யு' என்றால் எல்லோருக்கும் உரியது. 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். 1983-ல் இவ்விரண்டுக்கும் நடுவே 'யு/ஏ' என்ற வகை வந்தது. 2023-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம் அந்த நடுவகையை 7, 13, 16 என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரித்துவிட்டது.

இங்கேதான் தப்பெண்ணம் பரவியிருக்கிறது. 'ஏ' படத்துக்குப் பிள்ளையை உள்ளே விடாமல் தடுப்பது கொட்டகைக்காரரின் கடமை. 'யு/ஏ 16+' படத்துக்கோ அவர் தடுக்கமாட்டார். தடுக்கும்படி சட்டம் சொல்லவுமில்லை. 10 வயதுப் பையன் பெற்றோருடன் தாராளமாகப் போய் உட்காரலாம். ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் தாய் தகப்பனே. "டிக்கெட் கொடுத்தார்களே சுவாமி, பிறகு என்ன?" என்று கேட்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படம் 'ஏ' சான்றிதழுடன் வெளிவந்தது. அதை 'யு/ஏ' ஆக மாற்றக் கோரிப் படக்கம்பெனியார் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார்கள், மனு தள்ளுபடியாயிற்று. குழந்தைகள் ஏமாந்தார்கள் என்பது மெய்தான். ஆயினும் கதாநாயகன் பெயரைக் கேட்டமாத்திரத்தில் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு புறப்படும் வழக்கம் நமக்கு நன்மை செய்ததில்லை.

1936-லேயே பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 'விஜிலாந்தி கூரா' என்னும் நிருபத்தில், எல்லோருக்கும் தக்கவை, நிபந்தனையோடு பார்க்கத் தக்கவை, கேடானவை என்று படங்களைப் பிரித்து, விசுவாசிகளுக்கு அறிவிக்க ஒவ்வொரு தேசத்திலும் ஓர் அலுவலகம் வேண்டுமென்று கேட்டார். சினிமாவையே அவர் பழிக்கவில்லை. நல்ல படம் செய்யும் நன்மையையும் அதில் எழுதியிருக்கிறார்.

கொட்டகையைவிட வீட்டு விஷயமே எனக்கு அதிகக் கவலை. மாலையில் குடும்பமே கூடிப் பார்க்கும் டி.வி. தொடர்களுக்கு முன்தணிக்கை கிடையாது. பழிவாங்குதலும் விஷம் வைப்பதும் சாப்பாட்டு நேரத்தில் நடக்கின்றன! கட்டணம் கட்டிப் பார்க்கும் இணையப் பட நிறுவனங்களுக்கோ 2021 முதல் சர்க்கார் விதி உண்டு: வயது முத்திரையைத் தொடக்கத்திலேயே காட்டவேண்டும்; 'யு/ஏ 13+' முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வைக்க வசதி தரவேண்டும். யாரோ ஒருவர் தம் கைபேசியில் எடுத்து ஏற்றிவிடும் துண்டுப் படங்களுக்கு இந்த முத்திரை இல்லை.

நம் நெய்வேலியில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவு ஷிப்ட் பார்த்துவரும் தகப்பன் பகலில் தூங்கித்தான் ஆகவேண்டும். சப்தம் போடாதிருக்கப் பிள்ளை கையில் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் குற்றமென்று சொல்லப் போவதில்லை. கொடுக்குமுன் பூட்டைப் போடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. தெரியாதவர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் நம் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பூட்டின் இரகசிய எண்ணாக மாத்திரம் பிள்ளையின் பிறந்த தேதியை வைக்கவேண்டாம். அவன் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பான்.